நாள்கூலியும் மாதச் சம்பளமும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்த் தொழில்நுட்பப் பணியாளர்கள்

முன்னுரை

எண்ணெய் வயல்களில் பணிபுரியும் தொழில்நுட்பப் பணியாளர்களின் ஊதியம் பற்றிப் பேச்செழும்போது முதலில் கேட்கப்படுவது, சம்பளம் எவ்வளவு என்பதன்று. நாள் கணக்கா, மாதக் கணக்கா என்பதே. திரங்கானு, சரவாக் கடற்பரப்பிலுள்ள எண்ணெய் மேடைகளுக்குச் செல்லும் இளைஞர்களுள் கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து புறப்படும் தமிழ் இளைஞர்களும் உளர். அவர்களுக்கு இக்கேள்வி புதிதாகத் தோன்றலாம். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூல் இரயில்வே பட்டறையிலும் வாழ்ந்து உழைத்த தலைமுறைகளுக்கு இது மிகப் பழைய கேள்வி. பெண் பார்க்கும் வீட்டில்கூட, 'மாப்பிள்ளை மாசச் சம்பளக்காரரா?' என்று கேட்ட சமூகம் நம்முடையது.

மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தோட்டத்தையே மையமாகக் கொண்டனர். சந்து, அரசரத்தினம் ஆகியோரின் நூல்கள் இத்துறைக்கு அடிப்படை அமைத்தவை. அவற்றிலும் இரப்பர்த் தோட்டத் தொழிலாளியே முன்னிற்கிறார். எண்ணிக்கையை நோக்க அது இயல்பே. ஆயினும், கையில் ஒரு தொழில் உடைய, இயந்திரம் அறிந்த, ஆனால் அலுவலர் எனக் கருதப்படாத தமிழ்ப் பணியாளர் ஒருவர் நகரத்தில் இருந்தார். ஃபிட்டர், கொதிகலன் கொல்லர், கடைசல்காரர், கம்பியர், எஞ்சின் தீயணைஞர் எனப் பல பெயர்களில் வழங்கிய அவருடைய ஊதியமும் பணி உயர்வும் எவ்வாறு அமைந்தன என்பதை இக்கட்டுரையில் ஆராய்கிறோம். அவரைக் கட்டிப்போட்டது கூலியின் சிறுமை மட்டுமன்று, அது தரப்பட்ட முறையும் அவருடைய பள்ளியின் மொழியுமே என்பது நம் கருத்து.

இரும்புப் பாதையின் தொடக்கம்

மலாயாவின் முதல் இருப்புப்பாதை பேராக்கில் தைப்பிங்கையும் போர்ட் வெல்டையும் இணைத்து 1885ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தில் இலங்கையிலிருந்து வருவிக்கப்பட்ட முன்னோடித் தொழிலாளர் படையினர் ஈடுபடுத்தப்பட்டனர். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர்ப் பாதை கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ஓடத் தொடங்கியது. 1890இல் கிள்ளான் ஆற்றின்மீது பாலம் அமைந்த பின்னரே அது கிள்ளான் நகரை எட்டியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. ஈயமும் இரப்பரும் கடலுக்குச் செல்லும் வழியில் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், துறைமுகம் ஆகியவை ஒரே கம்பிச் சடக்கில் கோக்கப்பட்டன. கம்பிச் சடக்கு என்பது நம் நாட்டுத் தமிழர் இருப்புப்பாதைக்கு இட்ட பெயர். அகராதிகளில் இடம் பெறாவிடினும் அழகிய சொல்.

அதே 1901இல் மாநிலப் பாதைகள் ஒன்றிணைக்கப்பட்டு ஐக்கிய மலாய் மாநில இரயில்வே உருவாயிற்று. அதன் முதல் பொது மேலாளரான சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர், இலங்கைப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். 1891இல் சிலாங்கூர் மாநிலப் பொறியாளராக வந்தவர். அவர் இலங்கையில் கண்டிருந்த ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர்கள், எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் தொழில்நுட்ப உதவியாளர்களாகவும் இங்கு வந்து சேர்ந்தனர். கம்பி பதிக்கவும் மண் கொத்தவும் சுமை ஏற்றவும் தமிழகத்தின் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் வந்தனர். பின்னர் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் செந்தூலில் மையப் பட்டறை உருவானபோது, அங்கு இந்தியரும் சீனரும் கைத்தொழில்களில் அமர்ந்தனர்.

ஒரே மொழியைப் பேசிய இரு குழுவினர் ஒரே துறையில் இரு வேறு ஏணிகளில் நின்றனர். இதைச் சாதி என்றோ ஊர்ப்பற்று என்றோ மட்டும் விளக்கிவிடுவது எளிது, அவையும் இருந்தன. ஆனால் அடித்தளத்தில் இருந்தது நிருவாகம் வகுத்த ஒரு பிரிவினை. மேலே ஐரோப்பிய அதிகாரிகள். இடையே மாதச் சம்பளம் பெறும் ஆசியக் கீழ்நிலை அலுவலர். கீழே நாள்கூலித் தொழிலாளர். குடியேற்ற அரசின் பணியாளர் பட்டியல்களைப் புரட்டுவோர் ஒன்றைக் காணலாம். மாதச் சம்பளக்காரருக்கு அங்குப் பெயருண்டு, பணியேற்ற நாளுண்டு. நாள்கூலித் தொழிலாளருக்கு அறிக்கைகளில் எண்ணிக்கை மட்டுமே உண்டு. பெயரற்றவரின் பணி உயர்வை ஆராய்வது எவ்வாறு என்பதே இத்துறையின் முதல் இடர்ப்பாடு.

நாள்கூலி என்னும் அமைப்பு

நாள்கூலி என்பதைக் குறைந்த சம்பளம் என்று மட்டும் பொருள் கொள்ளல் ஆகாது. தேர்ந்த கொதிகலன் கொல்லர் ஒருவர் வேலைக்குச் சென்ற நாள்களைக் கூட்டிப் பார்த்தால், கீழ்ப்படியில் இருந்த எழுத்தர் ஒருவரின் சம்பளத்தை நெருங்கியிருக்கவும் கூடும். வேறுபாடு வேறிடத்தில் இருந்தது. மாதச் சம்பளம் ஓர் ஏணி. ஆண்டுதோறும் உயரும் படி அதற்கு உண்டு. விடுப்பு, நோய்க்கால ஊதியம், தரத்துக்கேற்ற வீடு, இறுதியில் ஓய்வூதியம் ஆகியவை அதனோடு தொடுக்கப்பட்டவை. நாள்கூலி ஒரு தளம். எத்தனை ஆண்டு நடந்தாலும் அதே உயரத்தில்தான் நடக்க வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 50 காசு பெறும் தொழிலாளி மாதத்தில் 26 நாள் உழைத்தால் 13 வெள்ளி பெறுவார். மலேரியாக் காய்ச்சலில் ஆறு நாள் படுத்துவிட்டால் அது 10 வெள்ளியாகும். அக்காலக் கிள்ளான் பள்ளத்தாக்கில் மலேரியா அரிதான நோயன்று. மருத்துவர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து கொசு ஒழிப்புப் பணியைத் தொடங்கிய வரலாறு உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றதாகும். மாதச் சம்பளக்காரரின் காய்ச்சல் விடுப்பாயிற்று. நாள்கூலிக்காரரின் காய்ச்சல் கடனாயிற்று.

50 காசு என்ற எண்ணை நாம் கற்பனையாக எடுக்கவில்லை. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்திற்குப் பின்னர், இந்தியத் தொழிலாளர்க்குத் 'தரக் கூலி' ஒன்றை வகுக்கும் முறை மலாயாவில் ஏற்பட்டது. முதன்மைப் பகுதிகளில் ஆடவர்க்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசும் 1920களின் இறுதியில் வரையறுக்கப்பட்டன. இது திறன்பெறாத் தொழிலாளியின் கூலி. பட்டறைக் கைவினைஞர் இதனினும் கூடுதலாகப் பெற்றார். ஆயினும் எல்லாக் கணக்கும் இதிலிருந்தே தொடங்கிற்று. இக்கூலியை வகுத்தவர்கள் தமிழ்த் தொழிலாளியின் குடும்பச் செலவை அரிசி, பருப்பு, துணி, பாத்திரம் என எண்ணிப் பார்த்தனர். உயிர்வாழப் போதுமானது எது என்பதே அவர்களின் வினா. மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் கட்டணத்துக்கு அக்கணக்கில் இடமில்லை. தந்தையின் கூலி மகனின் பணி உயர்வையும் சேர்த்தே தீர்மானித்தது.

பள்ளி எனும் வாயில்

தமிழாசிரியர்கள் இப்பகுதியைச் சற்று நின்று நோக்க வேண்டுகிறோம். தொழில்நுட்ப உதவியாளர்களைப் பயிற்றுவிக்க 1904இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட வகுப்பு, 1906இல் டிரீச்சர் தொழில்நுட்பப் பள்ளியாக விரிந்தது. இரயில்வே, பொதுப்பணி, நில அளவை ஆகிய துறைகளுக்கு ஆள் அளித்த இப்பள்ளி, முதல் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. 1946இல் அது தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று. 1972இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாகவும் 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. நாட்டின் பொறியியற் கல்வியின் வேர் இரயில்வேயிலும் பொதுப்பணியிலும் இருந்ததை இது காட்டும்.

அவ்வாயிலில் நுழைய ஆங்கிலக் கல்வி வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிகளும் சைவப் பள்ளிகளும் அதை ஏற்கெனவே வழங்கியிருந்தன. கோலாலம்பூரில் விக்டோரியா கல்விக்கூடம் முதலிய பள்ளிகள் இருந்தன; கட்டணமும் இருந்தது. மெதடிஸ்ட் சபையினர் 1897இல் தொடங்கிய பள்ளி முதலில் ஆங்கிலோ-தமிழ்ப் பள்ளியாகவே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு ஒரு பாலம் கட்ட முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அத்தகைய பாலங்கள் மிகச் சில. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்றாயிற்று. அப்பள்ளிகள் எழுத்தறிவைத் தந்தன. தொடக்க நிலையோடு நின்றன. பிரிக்பீல்ட்சில் 1914இல் தோன்றிய விவேகானந்தா தமிழ்ப்பள்ளி போன்ற நகர்ப்புறப் பள்ளிகளின் மாணவரும், உயர்நிலைக் கல்விக்கு மொழி மாற வேண்டியவராகவே இருந்தனர்.

தமிழ்க்கல்வி பிள்ளைகளைப் பின்தள்ளியது என்று இதற்குப் பொருள் கூறுவோர் உண்டு. அக்கருத்தை நாம் ஏற்கவில்லை. ஓர் ஏணியின் நடுப்படிகளை வேறொரு மொழியில் மட்டும் அமைத்துவிட்டு, அடிப்படியில் நிற்பவரின் மொழியைக் குறை கூறுதல் முறையன்று. செந்தூல் பட்டறையில் நீராவி எஞ்சினின் கொதிகலனைத் தட்டி, ஒலியைக் கொண்டே எந்தத் தாங்கு கம்பி உடைந்துள்ளது என அறியும் கைவினைஞரின் அறிவு பெரிது. அந்த அறிவுக்கு விடைத்தாள் இல்லை என்பதே இடர். தேர்வுக்குரிய அறிவு சம்பள உயர்வாக மாறிற்று. கையறிவு அடுத்த நாள் கூலியாக மட்டுமே மாறிற்று.

குடியிருப்பின் வரிசை

இப்பிரிவினையைக் கல்லிலும் மரத்திலும் காண விரும்பியவர்க்கு அக்காலப் பிரிக்பீல்ட்ஸ் போதும். செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற இப்பகுதி, இரயில்வேயின் முதன்மை வண்டித் தளமாக மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொசாரியோ சாலை, சான் ஆ தோங் சாலைப் பகுதியில் எழுந்த 'நூறு வீடுகள்' எனப்பட்ட வரிசைக் குடியிருப்பு, அரசு ஊழியர் பலரின் இருப்பிடமாயிற்று. அவ்வீடுகள் இன்று இல்லை. அதிகாரிகளுக்கு மேட்டு நிலத்தில் பங்களாக்கள், மாதச் சம்பளக்காரர்க்கு வரிசை வீடுகள், நாள்கூலியினருக்கு லயங்கள். சம்பளத்தின் வடிவமே வீட்டின் வடிவமாயிற்று.

இலங்கைச் சைவர்கள் 1902இல் சங்கம் அமைத்து ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோயிலை எழுப்பினர். 1904இல் விவேகானந்த ஆசிரமம் தோன்றியது. மாதச் சம்பளம் ஒருவரிடமிருந்து ஒழுங்காகச் சந்தா பெற வழி செய்கிறது. சந்தாவிலிருந்து சங்கம் பிறக்கிறது. சங்கத்திலிருந்து பள்ளியும் கோயிலும் நூலகமும் பிறக்கின்றன. நாள்கூலியினரும் கோயில் எழுப்பினர். லயத்தின் ஓரத்திலும் தண்டவாளத்தின் அருகிலும் எழுப்பினர். அவற்றுள் பலவற்றின் நிலத்துக்குப் பட்டா இல்லாமற் போனதும், பிற்காலத்தில் அவை இடம்பெயர்க்கப்பட்டதும் நாமறிந்ததே.

சரிவும் கிள்ளானும்

1930களின் பொருளாதாரச் சரிவு, நாள்கூலியின் முழுப் பொருளையும் காட்டியது. தரக் கூலி குறைக்கப்பட்டது, வேலையற்றவர்கள் கப்பலேற்றப்பட்டனர். 1930 முதல் 1932 வரையிலான மூன்றாண்டுகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். நாள் கணக்கில் அமர்த்தப்பட்டவரை நாள் கணக்கில் நீக்கவும் முடிந்தது. பின்னர் நிலை சீரடைந்தும், 1938இல் கூலி மீண்டும் குறைக்கப்பட்டபோது, இந்திய அரசு அவ்வாண்டு ஜூனில் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தங்களை இத்தொடர்பில் நோக்குதல் தகும். தமிழ் நேசன் நாளிதழின் துணையாசிரியரான ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழி தொழிலாளரைத் திரட்டினார். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவை கோரப்பட்டன. அவற்றோடு மற்றொரு கோரிக்கையும் இருந்தது: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை. மிதிவண்டி வாங்கும் அளவுக்கு உயர்ந்த தொழிலாளி, அதன்மேல் அமர்ந்து செல்லும் அளவுக்கு உயரலாகாது என்பதே அன்றைய ஒழுங்கு. கூலியில் ஓரளவு உயர்வு கிட்டியது. நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார்; படையினர் வருவிக்கப்பட்டனர்; உயிர்கள் பலியாயின. தோட்டத்தில் நிகழ்ந்தது இது என்றாலும், அதில் கேட்கப்பட்டவை நகரத்து நாள்கூலியினரும் கேட்க விரும்பியவையே.

அடுத்து வந்த சப்பானியர் ஆட்சிக் காலத்தைச் சுருங்கவே கூறுகிறோம். சயாம்-பர்மா பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டு மாண்ட கொடுமை தனி நூலுக்குரியது. செந்தூல் பட்டறை 1945ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. போருக்குப் பின்னர் அதைச் சீர்செய்து எஞ்சின்களை மீண்டும் ஓடச் செய்தவர்களுள் நாம் மேலே கண்ட பெயரற்ற கைவினைஞர்களும் அடங்குவர்.

நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு

போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் தலையெடுத்தன. அவற்றை நெறிப்படுத்த ஆங்கிலேய அரசு அனுப்பிய தொழிற்சங்க ஆலோசகர் ஜான் பிரேசியர், இங்கிலாந்தின் இரயில்வேத் தொழிற்சங்கத்திலிருந்து வந்தவர் என்பது சுவையான செய்தி. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் இடதுசாரிச் சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதன் பின்னர் எஞ்சியவை, பேச்சுவார்த்தை வழி இயங்கும் சங்கங்களே. அரசு ஊழியர்க்குச் சம்பள ஆணையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. மாதச் சம்பள ஏணியின் படிகள் அவற்றால் திருத்தப்பட்டன. நாள்கூலியினர் அந்த ஏணிக்கு வெளியேதான் இருந்தனர்.

இதற்கிடையே பட்டறையின் அடித்தளமே மாறத் தொடங்கியது. சிலாங்கூரின் பத்து ஆராங் சுரங்கம் 1915 முதல் நிலக்கரி அளித்து இரயில்வேயைத் தாங்கியிருந்தது. போருக்குப் பின் நீராவி எஞ்சின்கள் பல, கரியை விட்டு எண்ணெய் எரிக்கும் வகையில் மாற்றப்பட்டன. 1957இல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில், டீசல்-மின்சார எஞ்சின்கள் வந்திறங்கின. 1960இல் பத்து ஆராங் சுரங்கம் மூடப்பட்டது. எண்ணெய் நம் தொழிலாளர் வாழ்வில் நுழைந்தது முதலில் எண்ணெய் வயலின் வழியன்று. இரயில் எஞ்சினின் வழியே.

இம்மாற்றம் திறன்களை மறுவரிசைப்படுத்தியது. கொதிகலன் கொல்லரின் சுத்தியல் ஓசை குறைந்தது. கரி அள்ளிய தீயணைஞருக்கு வேலையே இல்லாமற் போகும் காலம் நெருங்கிற்று. டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் செலுத்தும் கருவியைச் சீர்செய்யவும், மின்னாக்கியின் சுற்றுப்படத்தைப் படிக்கவும் ஆள் வேண்டும். கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. இருபது ஆண்டு அனுபவம் பெற்றவர், தேர்வெழுதி வந்த இளைஞருக்குத் துணையாளாக நிற்க நேர்ந்ததில் வியப்பில்லை.

இச்சூழலில்தான் 1962 டிசம்பரில் மலாயா இரயில்வே ஊழியர் சங்கத்தின் வேலைநிறுத்தம் எழுந்தது. அதன் மையக் கோரிக்கை கூலி உயர்வன்று. நாள்கூலித் தொழிலாளரை மாதச் சம்பளத்தினராக மாற்ற வேண்டும் என்பதே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணி துறந்தனர். கிறிஸ்துமசும் புத்தாண்டும் கடந்தும் வண்டிகள் ஓடவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் 1963 ஜனவரியில் அது முடிவுற்றபோது, மாதச் சம்பள முறைக்கு மாற்றும் கோரிக்கை வென்றிருந்தது. மலேசியத் தொழிலாளர் வரலாற்றில் இவ்வெற்றிக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது நம் எண்ணம். கிள்ளான் 1941 வீரக்கதையாக நினைக்கப்படுகிறது, 1962 நினைக்கப்படுவதில்லை. ஒருவேளை அதில் துப்பாக்கிச் சூடு இல்லாததே காரணமாகலாம்.

கம்பி பதித்த முதல் தலைமுறை கேட்டிருக்க வேண்டியதை மூன்றாம் தலைமுறை பெற்றது. ஆனால் எந்த நாளில் பெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும். நீராவி எஞ்சின்கள் அடுத்த பத்தாண்டுக்குள் மறையவிருந்தன. குடியுரிமை பெறாதோர்க்கு வேலை உரிமச்சீட்டு கட்டாயமாக்கப்பட்ட 1969ஆம் ஆண்டையொட்டி, ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர் நாட்டைவிட்டுச் சென்றனர். 1971க்குப் பின் அரசுத் துறையின் ஆள்சேர்ப்புக் கொள்கையும் மாறியது. ஏணி வந்து சேர்ந்தபோது, அது சாய்ந்திருந்த சுவர் நகரத் தொடங்கியிருந்தது. 1992இல் இரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டது. பிரிக்பீல்ட்ஸ் வண்டித் தளம் இருந்த நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது. செந்தூல் பட்டறைப் பணிகள் பின்னர் பேராக்கின் பத்து காஜாவுக்கு மாற்றப்பட்டன.

எண்ணெய் மேடையில் மீண்டும் நாள்கூலி

மிரியில் 1910இல் முதல் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டபோதும், தீபகற்பத்தின் தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தொழில் எட்டாத் தொலைவில் இருந்தது. 1974இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டுப் பெட்ரோனாஸ் தோற்றுவிக்கப்பட்ட பின்னரும், திரங்கானுக் கடலில் எண்ணெய் எடுக்கப்பட்ட பின்னரும், இத்துறையின் அலுவலகங்கள் கோலாலம்பூரில் பெருகின. தொழில்நுட்பப் பணியாளர் இங்கிருந்து மேடைகளுக்குச் சென்றனர்.

எண்ணெய்த் துறைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. துளையிடும் மேடையில் சுமைப்பணியாளராகச் சேர்பவர், துளைத்தளப் பணியாளராகி, கோபுர உச்சியில் குழாய்களைக் கையாள்பவராகி, துணைத் துளைப்பாளராகி, துளைப்பாளராகி, முடிவில் மேடையின் துளைப்பணி முழுமைக்கும் பொறுப்பாளராக உயர வழியுண்டு. பட்டம் இல்லாமலே ஏறத்தக்க ஏணி அது. செந்தூல் ஃபிட்டருக்கு இல்லாத நடுப்படிகள் இங்கு உள்ளன. ஒவ்வொரு படிக்கும் சான்றிதழ் உண்டு: கடலில் விழுந்த ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பயிற்சி தொடங்கி, கிணற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தேர்வு வரை. கையறிவுக்கு விடைத்தாள் கிடைத்துவிட்டது எனலாம். அச்சான்றிதழ்கள் காலக்கெடு உடையவை. புதுப்பிக்கும் செலவை ஏற்பவர் யார் என்பதில்தான் நிலையான ஊழியரும் ஒப்பந்தப் பணியாளரும் பிரிகின்றனர். முன்னவர்க்கு அது நிறுவனத்தின் பொறுப்பு. பின்னவர் பல வேளைகளில் தம் கைப்பணத்தைச் செலவிடுகிறார்.

ஊதியத்திலும் அதே பிரிவினைதான். நிறுவனத்தின் நிலையான ஊழியர் மாதச் சம்பளமும், கடலில் இருக்கும் நாள்களுக்குத் தனிப்படியும் பெறுவார். ஒப்பந்த நிறுவனத்தின் வழி செல்பவர் நாள் வீதத்தில் பெறுவார். அவ்வீதம் கேட்பவர் வியக்கும் அளவுக்கு உயர்ந்திருக்கலாம். ஆனால் நான்கு வாரம் கடலில், நான்கு வாரம் கரையில் என்ற சுழற்சியில், கரையில் இருக்கும் நாள்களுக்கு அவருக்கு ஊதியமில்லை. நாள் வீதத்தை முப்பதால் பெருக்கி மகிழும் இளைஞர், பதினைந்தால் பெருக்கிப் பார்த்தல் நலம். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி தம் பங்கைச் செலுத்துகிறாரா, அன்றி இவர் தனியாள் ஒப்பந்தக்காரராகக் கருதப்படுகிறாரா என்பதையும் கையொப்பமிடுமுன் வினவ வேண்டும். 2014 நடுவில் பீப்பாய் ஒன்றுக்கு 100 டாலருக்கு மேலிருந்த எண்ணெய் விலை, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கிற்று. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் அது ஒரு நாள் சுழியத்துக்கும் கீழே சென்றது. இத்தகைய சரிவுகளில் முதலில் நிறுத்தப்படுபவர் நாள் வீதத்தினரே. அவரைப் பணிநீக்கம் செய்ய வேண்டுவதில்லை. அடுத்த சுழற்சிக்கு அழைக்காமல் இருந்தாலே போதும். 1930இல் நிகழ்ந்ததற்கும் இதற்கும் இடையே கப்பற்பயணச் சீட்டு ஒன்றே வேறுபாடு.

2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தம், ஒருவர் தொழிலாளியா, ஒப்பந்தக்காரரா என்பதில் எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையின் உண்மைத் தன்மையைக் கொண்டு அனுமானிக்க வழி செய்துள்ளது. அச்சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உரியது. சரவாக்குக்குத் தனிச் சட்டம் உண்டு. தீபகற்பத்தில் குடியிருந்து சரவாக் கடலில் உழைக்கும் இளைஞர் இதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்று, தேர்வில் முன்னணி பெறாத மாணவர்க்கு, 2006ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழமைந்த மலேசியத் திறன் சான்றிதழ் ஒரு வழியாக உள்ளது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழாகவும், நான்காம் நிலை டிப்ளோமாவாகவும், ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமாவாகவும் அமைந்தவை. பற்றவைப்பு, மின்கம்பி, இயந்திரப் பராமரிப்பு ஆகியவற்றில் இவற்றைப் பெறலாம். பணியிட அனுபவத்தைக் கொண்டே சான்றிதழ் பெறும் முறையும் உண்டு. செந்தூல் பட்டறையில் அன்று அப்படியொரு முறை இருந்திருந்தால், ஒலி கேட்டு உடைந்த கம்பியை அறிந்தவர் மூன்றாம் நிலையில் தொடங்கியிருப்பார். வழிகாட்டும் ஆசிரியர்கள் மாணவரிடம் இந்நிலைகளைக் கூறும்போது, இரண்டாம் நிலையோடு நின்றுவிடுவோர் துணையாளாகவே தொடர்வர் என்பதையும், வேலைக் கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டிய வரி தொகை எழுதிய வரியன்று, அத்தொகை நாளுக்கா மாதத்துக்கா என்று எழுதிய வரியே என்பதையும் சேர்த்துக் கூறலாம்.